உப்புத் தண்ணீரும் மண்ணில்லாக் கீரையும்

வீட்டுப் புழக்கடையில் ஹைட்ரோபோனிக்ஸ் முறையில், அதாவது மண்ணில்லாமல் உரம் கரைத்த தண்ணீரில், கீரை வளர்க்க விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை அங்குலக் குழாய் வாங்க வேண்டும், எந்த மோட்டார் நல்லது என்பதைத்தான். உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பேன். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி உடனே விளங்கிவிடும். இங்கே பல வீடுகளில் தண்ணீர் இரண்டு வகையாக வருகிறது. மாநகராட்சி விடும் சிறுவாணி அல்லது பில்லூர்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகிறது; ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேல்தொட்டிக்கு ஏறும் உப்புத் தண்ணீர் மற்ற எல்லாவற்றுக்கும் ஆகிறது. மண்ணில் நிற்கும் செடி இந்த இரண்டாவது தண்ணீரை ஓரளவு தாங்கிக்கொள்ளும். மண்ணில்லாமல் வளரும் செடிக்கோ, வேர் இருக்கும் இடம் முழுவதும் தண்ணீராகவே இருப்பதால், அதில் ஏற்கெனவே கரைந்திருக்கும் ஒவ்வோர் உப்பும் கணக்கில் வந்துவிடுகிறது. எங்கள் புழக்கடையில் ஒரு பெட்டியில் தொடங்கிக் குழாய் அமைப்பு வரை கட்டி முடித்ததில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி தண்ணீரைப் பற்றியதுதான். ஆகவே இந்தப் பதிவும் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறது; குழாயும் மோட்டாரும் பின்னால் வரும்.

"ஏங்கண்ணு, மண்ணே தொடாத கீரையில சத்து எங்கிருந்து வரும்?" என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். செடி தன் உடலின் பெரும்பகுதியைக் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் தண்ணீரையும் கொண்டு வெயிலின் துணையால் தானே உருவாக்கிக்கொள்கிறது. மண்ணிலிருந்து அது எடுப்பவை தண்ணீரில் கரைந்த தாது உப்புகள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, சுண்ணாம்புச்சத்து, மெக்னீசியம், கந்தகம் ஆகியவை அதற்குக் கூடுதலாகத் தேவை. இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம், போரான், மாலிப்டினம் போன்றவை மிகச் சிறிதளவே தேவை. 1860களிலேயே ஜெர்மனியில் ஜூலியஸ் ஃபான் சாக்ஸும் வில்ஹெல்ம் நாப்பும் இந்த உப்புகளைக் கரைத்த தண்ணீரில் செடிகளை வளர்த்துக் காட்டினார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஹோக்லாண்ட், ஆர்னன் என்பவருடன் சேர்ந்து 1938இல் வெளியிட்ட கரைசல் முறை இன்றும் தாவர ஆய்வகங்களில் புழக்கத்தில் இருக்கிறது. நம் நாட்டுக்கும் இது புதிதன்று. 1940களில் வங்காளத்தின் கலிம்பொங்கில் ஷோல்டோ டக்ளஸ் இந்த முறையை எளிய பொருள்களைக் கொண்டு செய்து பார்த்திருக்கிறார். மாமியாருக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது: மண் கொடுக்கும் அதே உப்புகளை நாம் அளந்து கொடுக்கிறோம், ஆகவே அளவு சரியாக இருந்தால் சத்தும் சரியாக இருக்கும்.

அளவு என்றதும் இரண்டு கருவிகள் தேவைப்படுகின்றன. ஒன்று, தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, அதில் கரைந்துள்ள உப்பின் மொத்த அளவைக் காட்டும் ஈசி மீட்டர். மற்றொன்று, அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மீட்டர். ஒரு பெட்டியில் தொடங்குகிறவருக்குப் பெட்டியின் விலையைவிட இவற்றின் விலை அதிகமாகவே இருக்கும். இருந்தாலும் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் வேறு எதில் வேண்டுமானாலும் குறைக்கலாம், இதில் குறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குடிநீர் வடிகட்டி பொருத்துகிறவர்கள் கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் பேனாவும் உள்ளே அளப்பது மின்கடத்தும் திறனைத்தான். அதை ஓர் எண்ணால் பெருக்கி பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று காட்டுகிறது. எந்த எண்ணால் பெருக்குகிறது என்பது கருவிக்குக் கருவி மாறுவதால், ஒருவர் சொல்லும் பிபிஎம் அளவை இன்னொருவர் அப்படியே பின்பற்றினால் குழப்பமே மிஞ்சும். ஈசி அளவில், அதாவது மில்லி சீமன்ஸ் கணக்கில் பேசுவதே நல்லது. கீரை வகைகளுக்கு 1.2 முதல் 1.8 வரை போதும். தக்காளி, மிளகாய் போன்ற காய்க்கும் செடிகளுக்கு 2க்கு மேல் தேவைப்படும்.

இப்போது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு வருவோம். உரம் எதுவும் போடாமலே அதன் ஈசி 1.5 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீரைக்கு வேண்டிய அளவு ஏற்கெனவே இருக்கிறதே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மீட்டர் உப்பின் மொத்தத்தைத்தான் சொல்லுமே தவிர, அது எந்த உப்பு என்று சொல்லாது. கிணற்று நீரில் சோடியமும் குளோரைடும் பைகார்பனேட்டும் மிகுந்திருந்தால் செடி அவற்றைப் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிட்டு நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் குறையக் குறைய நாம் மீண்டும் அதே கிணற்று நீரை ஊற்றுவோம். சோடியம் மேலும் சேரும். மீட்டர் நல்ல அளவைக் காட்டிக்கொண்டே இருக்க, செடி பசியால் வெளிறும். இதனால்தான் தொடக்கத்திலேயே தண்ணீரை ஓர் ஆய்வகத்தில் கொடுத்துப் பகுத்தறிந்து வைத்துக்கொள்ளும்படி சொல்கிறேன். மண், நீர் ஆய்வகங்கள் வேளாண்மைத் துறையிடமும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. அறிக்கையில் சோடியம், குளோரைடு, பைகார்பனேட் ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். ஆர்ஓ கருவியிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்காமல் இதற்குப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வடிகட்டியில் தேங்கிய உப்பு முழுவதும் அந்தக் கழிவுநீரில்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் அது ஆகும், இதற்கு ஆகாது.

பைகார்பனேட் செய்யும் தொல்லை பிஎச் மீட்டரில் தெரியும். செடி தன் உணவை எளிதாக எடுக்கும் நிலை பிஎச் 5.5க்கும் 6.5க்கும் இடைப்பட்டது. உப்புத் தண்ணீர் பெரும்பாலும் 7.5க்கு மேல் நிற்கும். அந்த நிலையில் இரும்பு கரைந்த நிலையிலிருந்து பிரிந்து படிந்துவிடும். புதிதாக வரும் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். தழைச்சத்துக் குறைபாட்டில் அடியிலுள்ள முதிர்ந்த இலை முதலில் மஞ்சளாகும், இரும்புக் குறைபாட்டில் நுனித்தளிர் முதலில் மஞ்சளாகும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி நோய்க்கணிப்பு முடிந்துவிடும். பிஎச் அளவைக் குறைக்கப் பாஸ்பாரிக் அமிலம் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறோம். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும். எலுமிச்சைச் சாறும் வினிகரும் அப்போதைக்கு எண்ணைக் குறைத்துக் காட்டும். ஆனால் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று தீர்த்ததும் பிஎச் பழைய இடத்துக்கே ஏறிவிடும், அந்த நுண்ணுயிர்களும் பெருகிவிடும். பைகார்பனேட் மிகுந்த தண்ணீரில் அமிலம் சேர்த்தாலும் மறுநாள் பிஎச் மெல்ல ஏறுவது இயல்புதான். சில நாட்கள் தொடர்ந்து பார்த்துத் திருத்தினால் அது அடங்கும்.

இந்தத் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாற்று மழைநீர். 2003இல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது பெரும்பாலான வீடுகளில் கூரை நீரை நிலத்துக்குள் இறக்கும் குழிகள்தான் வெட்டப்பட்டன. அந்தக் குழாயின் நடுவில் ஒரு டி இணைப்பு வைத்து, முதல் மழையில் கூரையைக் கழுவி வரும் நீரை வழக்கம்போலக் குழிக்கு விட்டுவிட்டு, அடுத்து வருவதை மூடியிட்ட டிரம்மில் பிடிக்கலாம். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர் விழுகிறது. கசிந்ததும் தெறித்ததும் போக முக்கால் பங்காவது கைக்குக் கிடைக்கும். மழைநீர் தீர்ந்த மாதங்களில் சிறுவாணித் தண்ணீரும் அதே அளவுக்கு உகந்தது. ஆனால் அது குடிப்பதற்கென்று வரும் தண்ணீர் என்பதால், நான் அதை உப்புத் தண்ணீரோடு கலந்து ஈசி 0.4க்குள் நிற்குமாறு பார்த்துக்கொண்டு சிக்கனமாகவே எடுக்கிறேன்.

உப்புக்கு அடுத்தது சூடு. மண்ணில்லா வளர்ப்பைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் குளிர்நாடுகளில் இருப்பவர்கள். தண்ணீரைச் சூடாக்கும் கருவியைப் பற்றி அவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது. வேரும் மூச்சு விடுகிறது, அதற்குத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் தேவை. 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 30 பாகையில் அது 7.5ஆகவும், 35 பாகையில் 7ஆகவும் குறைந்துவிடும். அதே நேரத்தில் சூடு கூடக்கூட வேரின் மூச்சுத் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் அந்த இடைவெளியில்தான் வேரழுகலை உண்டாக்கும் பித்தியம் என்னும் பூசணம்போன்ற நுண்ணுயிர் நுழைகிறது. நல்ல வேர் வெண்மையாக, மெல்லிய தூவிகளோடு இருக்கும். பித்தியம் தாக்கிய வேர் பழுப்பேறி வழவழப்பாகிவிடும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து, உள்ளே நூலிழை மட்டும் மிஞ்சும். அதனோடு ஒரு சாக்கடை நாற்றமும் வரும். அப்படிப்பட்ட செடியைப் பிடுங்கி எறிந்து, கரைசல் முழுவதையும் கொட்டி, பெட்டியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவி வெயிலில் காயவைப்பது தவிர வேறு வழியில்லை.

தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கப் புழக்கடை நமக்குப் பெரிய வசதி. மொட்டை மாடியில் வைத்தால் மேலே வெயிலும் கீழே தளத்தின் சூடும் சேர்ந்து தாக்கும். புழக்கடையில் மண் இருக்கிறது. கரைசல் தொட்டியை முக்கால் பங்கு மண்ணுக்குள் புதைத்து, வாய் மட்டும் மேலே தெரியுமாறு வைத்தால் பகல் சூடு அதை அவ்வளவு எளிதாக எட்டுவதில்லை. மதில் சுவரின் கிழக்குப் பக்கம், வேப்பமரத்தின் அல்லது தென்னையின் பிற்பகல் நிழல் விழும் இடம் இருந்தால் அதுவே சிறந்தது. அதற்கு மேல் 50 விழுக்காடு நிழல் தரும் பச்சை நிழல்வலை கட்டலாம். பங்குனி, சித்திரையில் இங்கே காற்றில் ஈரம் குறைவு என்பதால், வெளியே தெரியும் பாகத்தின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்தால் ஆவியாகும் நீர் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். கடலோர ஊர்களில் ஈரப்பதம் மிகுதியாக இருப்பதால் இந்த உத்தி அவ்வளவாகப் பலிக்காது; அங்கே புதைப்பதும் நிழலும்தான் துணை.

முதல் அமைப்பாக நான் பரிந்துரைப்பது மோட்டாரே இல்லாத ஒரு பெட்டி. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி வகுத்த முறை இது. மூடியிட்ட பெட்டியில் கரைசலை நிரப்பி, மூடியில் துளையிட்டு, அதில் சிறு கூடைபோன்ற நெட் கப்பைச் செருகி நாற்றை வைத்துவிட வேண்டியதுதான். உக்கடம் மீன் சந்தையில் மீன் இறங்கும் தெர்மாகோல் பெட்டிகள் இதற்கென்றே செய்தவைபோல இருக்கின்றன: சுவர் தடிமனானது, சூட்டை உள்ளே விடாது, 40 லிட்டர் வரை கொள்ளும் பெட்டிகள் கிடைக்கின்றன. சோப்புத் தண்ணீரிலும் பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலிலும் கழுவி வெயிலில் காயவைத்தால் மீன் வாடை போய்விடும். தெர்மாகோல் நாளடைவில் கசியும் என்பதால் உள்ளே கறுப்புப் பாலித்தீன் விரிப்பை மடிப்பு விழாமல் போட்டு, விளிம்பில் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட வேண்டும். மூடியில் துளையிட, நெட் கப்பின் கழுத்தளவுக்குப் பொருந்தும் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துப் பேனாவால் வட்டம் வரைந்து, கோட்டுக்குச் சற்று உள்ளேயே கூரிய கத்தியால் மெல்ல அறுத்து எடுப்பேன். அவசரப்பட்டு அழுத்தினால் தெர்மாகோல் பொரிந்து வெள்ளை மணிகளாகக் கைமுழுவதும் ஒட்டிக்கொள்ளும். துளையும் பெரிதாகிக் கப் உள்ளே விழுந்துவிடும். கப்பின் விளிம்பு மூடியின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும். துளைக்குத் துளை 8 அங்குல இடைவெளி விட்டால் கீரைகளுக்குப் போதும். பெட்டியைத் தரையில் நேரடியாக வைக்காமல் நான்கு செங்கல்லின் மேல் வைக்க வேண்டும்.

இந்த முறையில் மிக நுட்பமான இடம் தண்ணீர் மட்டம்தான். தொடக்கத்தில் கப்பின் அடிக்கால் பங்கு மட்டும் கரைசலில் நனையுமாறு நிரப்புகிறோம். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே ஈரக் காற்று நிறைந்த ஓர் இடம் உருவாகும். அங்கே தொங்கும் மேல்வேர்கள் காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுக்கப் பழகிக்கொள்ளும். அடிவேர்கள் கரைசலில் கிடந்து உணவு எடுக்கும். காற்றுப் பம்பு இல்லாமலே செடி மூச்சு விடுவது இந்த ஏற்பாட்டினால்தான். ஆகவே பாதிக்குமேல் இறங்கிய பெட்டியை மீண்டும் விளிம்பு வரை நிரப்பக் கூடாது. காற்றுக்குப் பழகிய வேர்கள் மூழ்கினால் செடி ஓரிரு நாளில் வாடிவிடும். பாதி மட்டத்தைத் தாண்டாமல் ஊற்றுவது பாதுகாப்பானது.

தேங்கிய தண்ணீர் என்றால் நம் ஊரில் கொசுவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான, நிழலான தேங்கு நீரைத்தான் தேடி முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கப் பொருத்தாத துளை ஒன்றுகூடத் திறந்திருக்கக் கூடாது. தொட்டியின் வாய்க்கும் குழாய் திரும்பி விழும் இடத்துக்கும் நைலான் கொசுவலையை இறுக்கிக் கட்ட வேண்டும். மாநகராட்சிப் பணியாளர்கள் வீடு வீடாகப் பார்க்க வரும்போது நம் பெட்டியைத் தயங்காமல் திறந்து காட்டும்படி இருக்க வேண்டும். துளைகளை மூடுவதில் இன்னொரு பயனும் உண்டு. உரக் கரைசலில் வெளிச்சம் பட்டால் பச்சைப்பாசி படர்ந்து, செடிக்கு உரிய உணவை அதுவே தின்றுவிடும். உள்ளே கறுப்பும் வெளியே வெள்ளையும் இருப்பது சரியான ஏற்பாடு. கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும்.

நாற்றுக்கு ஊடகமாகத் தென்னை நார்க்கழிவு நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில், பொள்ளாச்சியிலிருந்தே வருகிறது. அதில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் கலந்திருப்பதால், ஊறவைத்துப் பிழிந்து வரும் நீரின் ஈசி 0.5க்குக் கீழே இறங்கும் வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நாற்று மூன்றாவது இலை விட்டதும் கப்புக்கு மாற்றலாம்.

உரத்தில் தொடக்கநிலையினர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உரக்கடையில் நீரில் கரையும் உரம் என்று கேட்டால் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் விழுக்காடு) எடுத்துக் கொடுப்பார்கள். தோட்டத்து மண்ணுக்கு அது நல்ல உரம். ஆனால் அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்குமேல் யூரியா வடிவில் இருக்கிறது. மண்ணில் நுண்ணுயிர்கள் யூரியாவைச் சிதைத்துச் செடி எடுக்கும் வடிவுக்கு மாற்றித் தரும்; நம் பெட்டியில் அந்தப் பணியைச் செய்யப் போதுமான நுண்ணுயிர்கள் இல்லை. சுண்ணாம்புச்சத்தும் அதில் கிடையாது. ஆகவே நைட்ரேட் வடிவில் தழைச்சத்துத் தரும் உரங்களைத் தனித்தனியே வாங்கிக் கலப்பதே சரி. சொட்டுநீர் உரம் விற்கும் கடைகளில் இவை எல்லாமே கிடைக்கின்றன. மழைநீர் அல்லது சிறுவாணித் தண்ணீர் 100 லிட்டருக்கு நான் போடும் அளவு இது: கால்சியம் நைட்ரேட் 80 கிராம், 13:0:45 என்று விற்கும் பொட்டாசியம் நைட்ரேட் 40 கிராம், 0:52:34 என்று விற்கும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 20 கிராம், எப்சம் உப்பு எனப்படும் மெக்னீசியம் சல்பேட் 40 கிராம். இதனோடு 12 விழுக்காடு இரும்பு உள்ள இடிடிஏ இரும்பு (இடிடிஏ என்னும் சேர்மத்தோடு பிணைந்த, எளிதில் படியாத இரும்பு) 2 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும், மற்ற நுண்ணூட்டக் கலவை அதன் உறையில் குறித்தபடியும் சேர்ப்பேன். லிட்டருக்குத் தழைச்சத்து ஏறக்குறைய 175 மில்லிகிராம், கால்சியம் 150, பொட்டாசியம் 200 என்று கணக்கு வரும், ஈசி 1.8ஐ ஒட்டி நிற்கும். இளநாற்றுக்கு இதில் பாதிச் செறிவு போதும். சித்திரை வெயிலிலும் கால் பங்கு குறைத்துக்கொள்வேன், ஏனெனில் அப்போது செடி உணவைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் இழுக்கும். கிணற்று நீரைப் பயன்படுத்துகிறவர்கள் இந்த அளவை அப்படியே எடுக்காமல், ஆய்வறிக்கையில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

கலக்கும் வரிசையும் முக்கியம். கால்சியம் நைட்ரேட்டை மற்ற உப்புகளோடு செறிவான நிலையில் சேர்த்தால் கால்சியமும் சல்பேட்டும் கூடி ஜிப்சமாகவும், கால்சியமும் பாஸ்பேட்டும் கூடிக் கரையாத வெண்படிவாகவும் அடியில் உட்கார்ந்துவிடும். படிந்தது செடிக்கு உதவாது. கடையில் ஏ, பி என்று இரண்டு புட்டிகளாக விற்பதன் காரணம் இதுதான். கால்சியம் நைட்ரேட்டை ஒரு வாளியிலும் மற்றவற்றை வேறொரு வாளியிலும் தனித்தனியே கரைத்து, தொட்டியில் தண்ணீர் நிறைந்த பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றிக் கலக்க வேண்டும். பிஎச் திருத்துவது அனைத்தும் கலந்த பிறகுதான்.

பெட்டியில் ஒரு பருவம் எடுத்தவர்கள் குழாய்க்குப் போகலாம். 4 அங்குல பிவிசி குழாயை 10 அடித் துண்டுகளாக வாங்கி, மேல்பக்கம் ஒரு நூல் பிடித்து நேர்கோடு போட்டு, துளைவெட்டியால் 8 அங்குலத்துக்கு ஒரு துளை இட வேண்டும். பிசிறுகளைக் கத்தியால் சுரண்டி எடுக்காவிட்டால் அவை தண்ணீரோடு போய் மோட்டாரை அடைக்கும். இதில் இரண்டு வழிகள் உள்ளன. இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் உருவாக்கிய முறையில், குழாய் 40 அடி நீளத்துக்கு 1 அடி என்ற அளவில் சரிந்திருக்கும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவில் மெல்லிய படலமாக நீர் வேரின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரம் நின்றால் அந்தப் படலமும் வற்றிவிடும். கோடை நண்பகலில் செடி தாக்குப்பிடிப்பது சற்று நேரம்தான். இன்னொரு வழியில் குழாயை மட்டமாக வைத்து, வெளியேறும் வாயை அடியிலிருந்து ஒன்றரை அங்குல உயரத்தில் பொருத்துகிறோம். மோட்டார் நின்றாலும் அந்த ஒன்றரை அங்குல நீர் குழாயிலேயே தங்கும். 10 அடிக் குழாயில் ஏறக்குறைய 8 லிட்டர். மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நம் ஊருக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும் என்பது என் முடிவு. எங்கள் புழக்கடையில் இருப்பதும் அதுதான்.

குழாயின் ஒரு முனையைப் பசை போட்டு ஒட்டி, மறுமுனையின் மூடியை ரப்பர் வளையத்தோடு கழற்றும்படி விட வேண்டும். வேர்த்துண்டுகளை இழுத்துச் சுத்தம் செய்ய அது தேவை. ஒட்டிய பசை நன்றாகக் காய்ந்த பிறகு வெறும் தண்ணீரை ஒரு நாள் ஓடவிட்டுக் கொட்டிவிட வேண்டும். தொட்டியிலிருந்து குழாய்க்குச் சொட்டுநீர்ப் பாசனத்தின் 16 மில்லிமீட்டர் கறுப்புக் குழாயே போதும். மூழ்கும் மோட்டார் 18 வாட் அளவில் சிறியதாக இருக்கலாம். உறையில் அதிகபட்ச உயரம் 2 மீட்டர் என்று போட்டிருந்தால், அந்த உயரத்தில் நீர் வரவே வராது என்று பொருள். ஒரு மீட்டர் ஏற்றினால் பாதியளவு வரும் என்று கணக்கிட்டு வாங்க வேண்டும். நாள் முழுவதும் ஓடினாலும் 0.43 யூனிட்தான். உப்புக் கரைசல் மின்சாரத்தை எளிதில் கடத்தும் என்பதால், இந்த இணைப்பு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி என்னும் பாதுகாப்புச் சுவிட்ச் வழியாக மட்டுமே வர வேண்டும். இந்தப் பாதுகாப்பு இல்லாத வீட்டில் மோட்டார் வேண்டாம், பெட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

எதைப் பயிரிடுவது என்பதில் என் சாய்வு நாட்டுக் கீரைகள் பக்கம். படங்களில் அழகாகத் தெரியும் லெட்யூஸ், தண்ணீர் சூடேறியதும் கசந்து, தண்டு நீண்டு பூத்துவிடும். வள்ளைக்கீரையும் கொடிப்பசலையும் வெதுவெதுப்பான தண்ணீரைப் பொருட்படுத்துவதில்லை. வெட்ட வெட்டத் துளிர்க்கும். புதினாவை விதைக்கவே வேண்டாம், சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து முற்றிய தண்டைக் கிள்ளித் தண்ணீரில் வைத்தாலே வேர்விடும். தண்டுக்கீரையும் சிறுகீரையும் நெருக்கமாக விட்டுப் பிடுங்கலாம். கீரைகளைப் பிற்பகலில் பறிப்பது நல்லது. வெயிலில் நின்ற இலையில் சேர்ந்திருக்கும் நைட்ரேட் காலை நேரத்தைவிடக் குறைந்திருக்கும். அசுவினியும் வெள்ளை ஈயும் இங்கேயும் வரும். மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிட்டு, இலையின் அடிப்பக்கத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். தொட்டிக்குள் அது சொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரைசலை இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றிவிடுகிறேன். எடுத்ததை வீணாக்குவதில்லை, இரண்டு பங்கு தண்ணீர் கலந்து வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றிவிடுகிறேன். ஆனியும் ஆடியும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இங்கே வலுவாக வீசும் மாதங்கள் என்பதால் நிழல்வலையை அப்போது தாழ்த்தி நான்கு மூலையிலும் கம்பியால் கட்ட வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழையை டிரம்மில் பிடித்த பிறகு, கார்த்திகைக் குளிர் தொடங்கும்போது கொத்தமல்லியும் லெட்யூஸும் விட எண்ணியிருக்கிறேன். தண்ணீர் 25 பாகைக்குக் கீழே நிற்கும் அந்தச் சில மாதங்களில் அவையும் நன்றாக வரும். இரும்பின் அளவையும் பிஎச் ஏற்றத்தையும் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள், தங்கள் தண்ணீர் ஆய்வறிக்கையில் உள்ள எண்களோடு கேட்டால் என்னால் பயனுள்ள பதில் சொல்ல முடியும்.